எது பெருநகரம்?



உலகின் மிகப் பெரிய நகரம் எது என்று பிள்ளைகள் வினவினால், 2025ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மதிப்பீட்டை எடுத்துக் கூறலாம். ஜகார்த்தாவில் ஏறத்தாழ 4.2 கோடி மக்கள், டாக்காவில் 3.7 கோடி, டோக்கியோவில் 3.3 கோடி. நம் தூத்துக்குடி மாநகராட்சியிலோ, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 2.37 லட்சம் பேரே. ஜகார்த்தாவுக்குள் நூற்றெழுபது தூத்துக்குடிகள் அடங்கிவிடும்!

ஆயினும், ஒரு நகரம் மனிதனை மலைக்கச் செய்வது தலைக்கணக்கினால் மட்டுந்தானா?

பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய இப்னு பதூதா, கெய்ரோவையும் டில்லியையும் கண்டவர். நமது மஅபர் கடற்கரைக்கும் வந்தவர். சீனத்தின் கன்ஸா நகரமே தாம் கண்டவற்றுள் மிகப் பெரியது என்றும், அதைக் கடக்க மூன்று நாட்கள் ஆகும் என்றும் அவர் தம் பயண நூலில் பதிந்துள்ளார். அத்துணைப் பெரிய நகரத்தில் அவருக்குத் தங்க இடமளித்தது, எகிப்திலிருந்து சென்று குடியேறிய ஒரு வணிகரின் குடும்பம். சீனத்தின் மற்றோர் ஊரில், தம் தாயகத்தை அடுத்துள்ள ஸப்தா நகரத்தவர் ஒருவரைச் சந்தித்தபோது, அவர் கண்ணீர் விட்டு அழுததையும் அந்நூல் கூறுகிறது. ஊர் எத்துணை பெரிதாயினும், அறிந்த முகம் ஒன்று தென்பட்டுவிட்டால் மலைப்பு அகன்றுவிடுகிறது.

நம் கரையிலும் ஒரு பெருநகரம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கள் தங்கும் சிறந்த நகரமாகக் காயலை வருணித்தார். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் துறைமுகம் தூர்ந்தது. பழைய காயல் இன்று உப்பளங்கள் சூழ்ந்த சிற்றூர். அந்நாளில் கப்பலிலிருந்து இறங்கிய அந்நியர்களுக்கு நம் முன்னோர் அறிந்த முகமாயினர்; உறவினருமாயினர்.

நம் பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்கும், துபாய்க்கும், ஹாங்காங்குக்கும் செல்லுகையில் உம்மாமார் கலங்குகின்றனர். அங்கே அவர்களுக்கு ஒரு பள்ளிவாசலும், சலாம் கூற ஒருவரும் கிடைக்க வேண்டுமே என்று துஆச் செய்கின்றனர். அதே போன்றதொரு தாய் பீஹாரிலும் வங்காளத்திலும் இருக்கின்றாள் அல்லவா? அவளுடைய மகன்தான் தூத்துக்குடியின் கட்டட வேலைகளில் உழைத்து, ஜும்ஆவில் கடைசி வரிசையில் நின்று, ஒருவரோடும் பேசாமல் வெளியேறுகிறான். நமக்குச் சிறிதாய்த் தோன்றும் இந்நகரமே அவனுக்கு ஜகார்த்தா!

மனிதர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் படைப்பின் நோக்கங்களுள் ஒன்று என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. ஆகவே, வரும் வெள்ளியன்று தொழுகை முடிந்ததும் அந்த இளைஞனிடம் சென்று பெயரையும் ஊரையும் கேளுங்கள்; அரைகுறை ஹிந்தியே போதும். வீட்டில் ஒரு வேளை உணவுக்கும் அழையுங்கள். பல கோடி மக்கள் நடுவே தனித்திருக்கும் உங்கள் மகனுக்கும் எவரேனும் ஒருவர் அவ்வாறே செய்ய அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.