கடல் இல்லாத ஊரின் நிறங்கள்

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, மரக்காணத்துக் கடற்கரையும் உப்பளங்களும் விழுப்புரத்தோடு நின்றுவிட்டன. கள்ளக்குறிச்சியின் பங்குக்கு வந்தவை கல்வராயன் மலையடிவாரமும் வெள்ளிமலையும். அதனால் கண்ணுக்கு ஒன்றும் குறைவில்லை.

மலைப்பாதையில் கொஞ்சம் மெதுவாகப் போய்ப் பாருங்கள். பிடுங்கிப் போட்ட மரவள்ளிக் கிழங்கின் மேல்தோல் மண் நிறம். சுரண்டினால் இளஞ்சிவப்பு. அதையும் உரித்தால் பால் வெள்ளை. வெயிலில் காயும் கடுக்காய் நாளுக்கு நாள் வரிவரியாகச் சுருங்கிப் பழுப்பாகும்.

போகிற போக்கில் பார்க்கிறவர்களுக்கு இது அழகு. ஆனால் நிறமும் வரியும் பார்க்கத் தெரிந்தால்தான் பிழைப்பு என்று இருப்பவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச்சிற்பக்காரர்கள்தான் அவர்கள்.

வாகைக் கட்டையை அறுத்தால் ஓரம் வெளுத்திருக்கும். நடுவில் வைரம் பாய்ந்த கரும்பழுப்பு. சிலையின் முகம் எந்தப் பக்கம் வர வேண்டும், கணு எங்கே விழக் கூடாது என்பதையெல்லாம் உளியை எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். மரத்தின் ரேகைக்கு எதிராக உளி ஓடினால் சில்லு பெயர்ந்துவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் மரத்தின் அசல் நிறம் எழுந்து வரும்.

2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்க்காரர்கள் இந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. ஆனால் பெயருக்குக் காவல் கிடைத்தால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது. அச்சில் வார்த்து மர நிறம் பூசிய ஃபைபர் சிலைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால், உளி பிடித்தவரின் கூலி அதிக விலையாகத்தான் தெரியும்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். சிலையைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். அசல் மரத்தில் ரேகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும். ஒரே மாதிரி இரண்டு சிலைகள் வாங்கினாலும் ரேகை ஒன்றுபோல இருக்காது. வாங்கி வந்தபின் பளபளப்புக்காகப் பெயின்ட் அடிக்காதீர்கள். அந்த ரேகை மறைந்துவிடும். ஈரத் துணி வேண்டாம், உலர்ந்த துணியே போதும்.

பழகிப் பார்க்கக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வீட்டு அரிவாள்மனைப் பலகையை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். பல வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான இடம் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே மரத்தின் ரேகையும் தெரியும்.