அரங்கேறாத ஆய்வு அம்பலம் ஏறுமா?

நூலொன்றைச் செய்தவன் அதனைத் தானே மெச்சிக்கொண்டு தானே ஊர்க்குப் பரப்புதல் பழந்தமிழர் வழக்கன்று. செய்த நூலை அறிஞர் அவையில் படித்துக்காட்டி, அவையோர் விடுக்கும் வினாக்களுக்கு விடையிறுத்து, குற்றம் உண்டெனின் களைந்து, அதன் பின்னரே வெளியிடுதல் முறை. அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பதைப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறும். அவ்வாசான் நூலுக்குக் குற்றம் கூறவே அமர்ந்தார் என்றும், கூறிய குற்றங்கட்கெல்லாம் தொல்காப்பியர் விடை தந்தார் என்றும் நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதை எழுதியுள்ளார். அகத்தியர் சினம் முதலாக அதிற் கலந்துள்ள புனைவை ஒதுக்கிவிடினும், உள்ளீடான கருத்தொன்று நிலைத்து நிற்கின்றது. குற்றம் காண்பவன் நூலுக்குப் பகைவன் அல்லன். நூலை நிலைநிறுத்துபவனே அவன்தான்.

தமிழர் மறந்துவிட்ட இம்முறையை மேலை நாட்டார் வரலாற்றாய்விற்கு உயிர்நாடியாகக் கொண்டுள்ளனர். 1665ஆம் ஆண்டு இலண்டனில் ஓல்டன்பர்க்கு என்பார் தொடங்கிய அறிவியல் இதழில், எதனை வெளியிடுவது என்பதை அவர் ஒருவரே முடிவுசெய்தார். 1752ஆம் ஆண்டு அரசக் கழகம் அவ்விதழைத் தன் பொறுப்பில் ஏற்றுக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கக் குழுவொன்றை அமைத்தது. வரலாற்றுத் துறைக்கெனத் தனி இதழ்கள் தோன்றியது 19ஆம் நூற்றாண்டிலேதான். 1859இல் சீபெல் என்பார் செருமனியில் தம் வரலாற்றிதழைத் தொடங்கினார். 1876இல் மோனோ பிரான்சிலும், 1886இல் ஆங்கில அறிஞர் இங்கிலாந்திலும், 1895இல் அமெரிக்க அறிஞர் தம் நாட்டிலும் அவ்வழியே தொடர்ந்தனர். அரசர்தம் புகழ்மொழியாகவும் குடிப்பெருமைக் கதையாகவும் கிடந்த வரலாற்றை, மூல ஆவணத்தைக் காட்டி நிறுவவேண்டிய துறையாக வளர்த்ததில் இவ்விதழ்கட்குப் பெரும்பங்கு உண்டு.

அவ்விதழ்களில் ஒரு கட்டுரை அச்சேறும் வகையைத் தமிழ்நாட்டு மாணவர் பலர் அறியார். கட்டுரை வந்தவுடன் இதழாசிரியர் அதனை முதலிற் படிப்பார். புதுச்செய்தி இன்றேல் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். அவர் தேர்வைக் கடந்த கட்டுரை, எழுதியவர் பெயர் நீக்கப்பட்டு, அத்துறையில் தேர்ந்த இருவர்க்கோ அதனின் மிகுந்தவர்க்கோ அனுப்பப்பெறும். எழுதியவர் யாரென மதிப்பிடுவோர் அறியார். மதிப்பிடுவோர் யாரென எழுதியவரும் அறியார். இவ்விருபுற மறைவு 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே பெருவழக்காயிற்று. மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. அவர்கள் கேட்கும் வினாக்களோ கூரியன. சொல்லும் செய்தி புதியதா? முன்னோர் ஆய்வு அறியப்பட்டுள்ளதா? காட்டிய ஆவணம் கூறப்பட்ட முடிவைத் தாங்குமா? மாறான சான்று மறைக்கப்பட்டுள்ளதா? இவற்றிற்குரிய விடைகளை அவர்கள் எழுத்தில் தருதல் வேண்டும். அவற்றைக் கொண்டு ஏற்பு, சிறு திருத்தம், திருத்தி மீள அனுப்புக, மறுப்பு என்னும் நான்கனுள் ஒன்றை ஆசிரியர் முடிவாக அறிவிப்பார். ஒரு கட்டுரை இரண்டு மூன்று முறை போய்வருவதும், அச்சேற ஓராண்டிற்கு மேலாவதும் வியப்பல்ல.

அச்சேறியவுடன் ஆய்வு முடிந்துவிட்டதா எனின், இல்லை. அடிக்குறிப்பு என்னும் சிற்றெழுத்து வரிகளிலேயே வரலாற்றாய்வின் நாணயம் குடிகொண்டுள்ளது. எந்த ஆவணக்களரி, எந்தக் கட்டு, எந்த ஏடு என்று அதிற் காட்டுதல், ‘ஐயமுளதேல் நீயே சென்று பார்’ என்று உலகை அழைப்பதாகும். அவ்வழைப்பை ஏற்று எவரும் செல்லலாம். சென்று கண்டதை அதே இதழிலோ பிறிதோர் இதழிலோ மறுத்தெழுதலாம்.

இம்முறையும் பிழைபடுவது உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பெலீல், 1996இல் அந்நாட்டு வரலாற்றாய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நாட்டின் தொடக்கக் காலத்தில் மக்களிடம் துமுக்கி (துப்பாக்கி) மிக அருகியே இருந்தது என்பது அவர் முடிபு. இறந்தோர் விட்டுச்சென்ற உடைமைப் பட்டியல்களை எண்ணி அம்முடிபைக் கண்டதாக அவர் எழுதினார். கட்டுரை மதிப்பீட்டைக் கடந்தது. அவ்விதழின் சிறந்த கட்டுரைக்கான பரிசையும் பெற்றது. 2000இல் அது பெருநூலாக விரிந்தது. 2001இல் கொலம்பியா பல்கலைக்கழகம் வரலாற்று நூல்களுக்கு வழங்கும் புகழ்பெற்ற பான்கிராப்ட்டுப் பரிசும் அதற்குக் கிடைத்தது.

பிறர் அடிக்குறிப்பைப் பின்பற்றிச் சென்றபோது கதை மாறிற்று. சட்டப் பேராசிரியர் லின்டுகிரன் முதலானோர் அதே பட்டியல்களை மீண்டும் எண்ணினர்; எண்ணிக்கை பொருந்தவில்லை. சான்பிரான்சிசுகோ நகரில் பார்த்ததாக அவர் குறித்த ஆவணங்கள் 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை என்று சுட்டிக்காட்டப்பட்டது. மூலக்குறிப்புகளைக் கேட்டபோது, அலுவலறையில் நீர் புகுந்ததால் அவை கெட்டுப்போயின என்றார். 2002 சனவரியில் மற்றோர் ஆய்விதழ் அந்நூலைப் பற்றிப் பல அறிஞரின் திறனாய்வுகளையும் அவர் தந்த மறுமொழியையும் ஒருங்கே வெளியிட்டது. பல்கலைக்கழகம் வெளியிலிருந்து மூன்று வரலாற்றறிஞரை அழைத்து உசாவியது. அவர் ஆய்வு துறைநெறிக்கு ஒவ்வாதது என அக்குழு கண்டது. அவர் அம்முடிவை ஏற்காவிடினும் பணியினின்று விலகினார். 2002 திசம்பரில் பரிசும் திரும்பப் பெறப்பட்டது.

மதிப்பிட்டோர் ஏமாந்தது மெய்யே. எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கமன்று. ஆயினும், அரசாணை எதுவும் அந்நூலை வீழ்த்தவில்லை. கூட்டமாகத் திரண்டு எவரும் அதனை எரிக்கவுமில்லை. சான்றைக் காட்டவேண்டும் என்னும் முறையே அதனை வீழ்த்தியது. பிழை புகாத முறை உலகில் இல்லை. புகுந்த பிழையைக் கண்டுபிடிக்க வழிவைத்திருக்கும் முறையே நன்முறை.

இனி, அவ்வழியினின்று விலகியோர் செயலையும் காண்க. 2000ஆம் ஆண்டு நா. சா, நா. சு. இராசாராம் என்னும் இருவர் சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக நூலொன்று வெளியிட்டனர். சிந்துவெளி நாகரிகம் ஆரிய மறையாளர்தம் நாகரிகமே என நிறுவுதல் அந்நூலின் நோக்கம். அதற்குக் குதிரை வேண்டியிருந்தது. குதிரை பொறித்த முத்திரை என ஒரு படமும் அந்நூலில் வந்தது. மைக்கேல் விட்செல், சிடீவ் பார்மர் ஆகிய அறிஞர் இருவர் மூலப்படத்தைத் தேடிக் கண்டனர். அஃது உடைந்துபோன ஒற்றைக்கொம்பு எருது முத்திரை. கணிப்பொறியால் உருத்திரிந்த படமே குதிரையாய்த் தோன்றியது என்று அதே ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ் ஒன்றில் காட்டினர். துறையறிஞர் அவைக்கு முன்னரே அனுப்பியிருப்பின், முழு முத்திரையின் படம் எங்கே என்பதே முதல் வினாவாக எழுந்திருக்கும்.

இதனைப் படித்து ஆரியப் புரட்டு வெளிப்பட்டது என்று மகிழும் தமிழன்பர், அதே அளவுகோலைத் தம் பக்கமும் வைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழ் ஐம்பதினாயிரம் ஆண்டு மூத்தது என்றும், கடல்கொண்ட குமரிநாட்டில் இன்ன ஊர் இன்ன தொலைவில் இருந்தது என்றும் மேடையில் முழங்குவார் உளர். சான்று எது என ஒரு மாணவன் கேட்பின், அவனை இனப்பகைவன் எனத் தூற்றுவாரும் உளர். அம்மாணவன் செய்வது அதங்கோட்டாசான் செய்த பணியேயன்றோ? பொய்க்குதிரைக்கு ஒரு முறை, பொய்யாண்டுக்கு ஒரு முறை என இரண்டு இருத்தல் இயலாது. மெய்யாகவே தொன்மை வாய்ந்த மொழிக்கு மிகைக்கூற்று அணியாகாது. அது பகைவர் கையிற் கொடுக்கும் வாளாகும். மிகையைக் காட்டி மெய்யையும் ஒருங்கே தள்ளிவிடுதல் அவர்க்கு எளிதாகின்றது.

இவ்வுண்மையைக் கீழடி நன்கு உணர்த்தும். 2014இல் நடுவண் தொல்லியல் துறையின் சார்பில் அமர்நாத் இராமகிருட்டிணன் அங்கு அகழாய்வைத் தொடங்கினார். 2017இல் அவர் அசாமிற்கு மாற்றப்பட்டார். 2018 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்திற்கு அனுப்பி, கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்னும் காலக்கணிப்பை 2019இல் வெளியிட்டது. தம் முதலிரு கட்டப் பணி பற்றிய 982 பக்க அறிக்கையை அமர்நாத் 2023 சனவரியில் அளித்தார். ஈராண்டிற்கு மேல் அது வெளிவரவில்லை. 2025 மே திங்களில், வல்லுநர் இருவர் கருத்துரைத்துள்ளனர் எனக் கூறி, திருத்தித் தருமாறு துறை அதனைத் திருப்பி அனுப்பியது. சான்றின் வழியே காலம் கணிக்கப்பட்டுள்ளது எனக் கூறி அவர் மறுத்தார். அடுத்த திங்களே மீண்டும் இடமாற்றம் வந்தது.

வல்லுநர் கருத்துக் கேட்டதைக் குற்றம் என்பதற்கில்லை. ஆய்விதழ்கள் செய்வதும் அதுவே. மதிப்பிடுவோர் பெயரை மறைத்தலும் அங்குள்ள வழக்கமே. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. ஆய்விதழின் ஆசிரியர் கட்டுரையாளர்க்கு ஊதியம் தருபவர் அல்லர். அவரை ஊர்விட்டு ஊர் மாற்றும் ஆணைவலியும் அவர்க்கில்லை. ஓரிதழ் மறுப்பின் மற்றோரிதழின் கதவு திறந்திருக்கும். மதிப்பீட்டிற்கு மறுமொழி கூறும் உரிமை எழுதியவர்க்கு உண்டு. இவை மூன்றும் இல்லாதவிடத்து, மதிப்பீடு என்னும் பெயரால் நடப்பது தணிக்கையாகவே மக்கட்குத் தோன்றும். அத்தோற்றத்தை நீக்கும் வழி எளிது. எழுதியவாறே அறிக்கையை வெளியிடுக. வல்லுநர் கூறிய குறைகளையும் அதன் பின்னே அச்சிடுக. ஆய்வாளர் தரும் விடையையும் சேர்க்க. உலகத் தொல்லியலாளர் படித்து முடிவு காணட்டும்.

நடுவணரசிடம் இதனைக் கேட்கும் தமிழர், தமிழ்நாட்டரசிடமும் கேட்டல் வேண்டும். சிவகளை முதலிய இடங்களிற் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ்நாட்டு இரும்பின் காலத்தைக் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டிற்குக் கொண்டுசெல்லும் ‘இரும்பின் தொன்மை’ என்னும் நூலை அவ்வரசு 2025 சனவரியில் வெளியிட்டது. பெயர்பெற்ற ஆய்வகங்கள் கணித்த காலம் அது. உலக இரும்பு வரலாற்றையே மாற்றி எழுதவைக்கும் அத்தகைய முடிபு, விழா மேடையோடு நின்றுவிடலாகாது. உலகின் தலைசிறந்த தொல்லியல் இதழ்களில் மதிப்பீட்டைக் கடந்து நிற்றல் வேண்டும். அங்கு நின்றுவிடின் அதனை அசைப்பார் எவர்?

இவ்வழி தமிழர்க்குப் புதியதன்று. ‘செந்தமிழ்’, ‘செந்தமிழ்ச் செல்வி’, ‘தமிழ்ப் பொழில்’ ஆகிய இதழ்களில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் மறுத்து, மறுத்ததை முன்னவர் மீண்டும் மறுத்து எழுதிய காலம் உண்டு. தனிநாயக அடிகள் 1952இல் ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் பொருளமைந்த ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழாய்வை உலக அவையில் ஏற்றினார். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் புதிதாய்க் கண்ட கல்வெட்டுகளைப் பாடத்தோடு வெளியிட்டு வந்துள்ளது. இவ்விதைகள் தோப்பாதல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினாலன்றி ஆய்வாகாது என்னும் இழிநிலையைப் போக்க வேண்டுமெனின், ஆங்கில இதழ்களினும் கடுமையான மதிப்பீட்டுமுறை கொண்ட வரலாற்றாய்விதழ்கள் தமிழிலேயே பெருகுதல் வேண்டும். தமிழில் எழுதியது என்பதற்காக அவற்றில் எதுவும் எளிதாய் நுழையலாகாது. தமிழில் எழுதியது என்பதற்காக உலகில் எதுவும் தள்ளப்படவும் ஆகாது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இப்பணியை மேற்கொள்க. செல்வம் படைத்த தமிழர், சிலைக்கும் வளைவிற்கும் ஈவதில் ஒரு பங்கை இத்தகைய இதழுக்கு ஈக. மேடை ஏறுவோர், காட்டவியலாத சான்றைப் பேசாது விடுக. ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவர்க்குத் தமிழ்ப் பெருமையோடு ‘சான்று யாது?’ என்னும் வினாவையும் கற்பிக்க.

வினாவிற்கு அஞ்சும் வரலாறு வீழும். விடை கூறிய வரலாறே வாழும். அவைக்கு அஞ்சாது தொல்காப்பியத்தை அரங்கேற்றிய இனம், தன் வரலாற்றையும் அரங்கேற்றுக!