கார் ரிமோட்டும் சென்ட்ரல் லாக்கும்: ஒரு பொதுக்கருத்துக்கு மறுப்பு

ரிமோட்டை அழுத்தியும் காரின் கதவுகள் திறக்கவில்லை என்றால் ரிமோட்டுக்குள் உள்ள செல் தீர்ந்துவிட்டது, செல்லை மாற்றியும் பயனில்லை என்றால் ரிமோட்டே கெட்டுவிட்டது, ஆகவே புதிய சாவி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்னும் கருத்து கார் உரிமையாளர்களிடையே மட்டுமல்லாமல் பல பணிமனைகளிலும் நிலைபெற்றிருக்கிறது. இக்கருத்து பணத்தை வீணாக்குவதோடு, உண்மையான பழுதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடவும் செய்கிறது. தனித்தனியான மூன்று அமைப்புகளை ஒன்றெனக் கொள்வதே இதன் அடிப்படைத் தவறு. கையில் உள்ள ரிமோட் வானலை வழியாக ஒரு குறியீட்டை அனுப்புகிறது. காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அக்குறியீட்டைப் பெற்று, தன் நினைவகத்தில் உள்ள பதிவோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஒவ்வொரு கதவிலும் உள்ள சிறு மோட்டாரை இயக்குகிறது. சென்ட்ரல் லாக் என்று அழைக்கப்படுவது இந்த இரண்டாவது அமைப்பே. இன்ஜின் கிளம்பலாமா கூடாதா என்று முடிவு செய்யும் இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பு அமைப்பு மூன்றாவது.

செல்லைப் பற்றிய கூற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பல ரிமோட்டுகளில் சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் லித்தியம் செல் பயன்படுகிறது. 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். செல் வலுவிழப்பதற்கென்று தனி அடையாளம் உண்டு: ரிமோட் எட்டும் தூரம் சிறிது சிறிதாகக் குறைந்து, காரை நெருங்கி நின்று இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டிய நிலை வரும். நேற்றுவரை தொலைவிலிருந்தே திறந்த ரிமோட் இன்று முற்றிலும் செயலற்றுப் போவதும், பூட்டும் பொத்தான் வேலை செய்து திறக்கும் பொத்தான் மட்டும் வேலை செய்யாதிருப்பதும் செல்லின் குறையாக இருப்பது அரிது. இரண்டு பொத்தான்களுக்கும் மின்சாரம் தருவது ஒரே செல் அல்லவா? ஒரு பொத்தான் மட்டும் கெட்டிருந்தால் பழுது ரப்பர் உறையின் அடியில் உள்ள சிறு சுவிட்ச் தேய்ந்ததிலோ, ரிமோட்டின் சுற்றுப் பலகையில் அதைப் பிணைத்த ஈயப் பற்று விரிசல் கண்டதிலோ இருக்கும். இரண்டும் சிறு செலவில் சரிசெய்யத்தக்கவை.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை நிகழ்கிறது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டினால் செல் நல்லது என்று முடிவுகட்டிவிடுகின்றனர். பழைய செல்லின் உள்மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல் தனக்குள்ளேயே தரும் எதிர்ப்பு, உயர்ந்திருக்கும். மீட்டர் இழுக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் இது தெரியாது, ரிமோட் அலையை அனுப்பும் கணத்திலோ மின்னழுத்தம் சரிந்துவிடும். மேலும், சிஆர் 2025 செல்லை 2032-க்கு மாற்றாகப் போட்டால் மின்னழுத்தம் ஒன்றாக இருந்தாலும் தடிமன் 0.7 மில்லிமீட்டர் குறைவதால் தொடர்புத் தகடு சரியாகப் பதியாது. இப்படி ஆடும் செல்லோடு ரிமோட் சில நாள் வேலை செய்து சில நாள் நின்றுவிடும்போது, பழி ரிமோட்டின் மீது விழுகிறது.

செல்லைக் கழற்றினால் ரிமோட்டின் குறியீடு அழிந்துவிடும் என்ற அச்சமும், குழந்தைகள் பொத்தானை விளையாட்டாக அழுத்திக்கொண்டிருந்தால் ரிமோட் காரிலிருந்து நிரந்தரமாகப் பிரிந்துவிடும் என்ற அச்சமும் விரிவாக மறுக்கத்தக்கவை. இவற்றைக் காட்டித்தான் மறுபதிவுக் கட்டணம் பெரும்பாலும் வசூலிக்கப்படுகிறது. ரிமோட்டின் குறியீடு மின்சாரம் இன்றியும் நிலைத்திருக்கும் நினைவகத்தில் எழுதப்பட்டிருப்பதால், செல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதால் பொதுவாக அது அழிவதில்லை. இரண்டாவது அச்சத்துக்கு விடை காண உருளும் குறியீடு என்னும் முறையை அறிய வேண்டும். ஒரே குறியீடு ஒவ்வொரு முறையும் அனுப்பப்பட்டால் திருடன் அதைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பிக் காரைத் திறந்துவிடலாம் என்பதால், ரிமோட்டில் ஓர் எண்ணி வைக்கப்பட்டு, பொத்தான் அழுத்தப்படும்தோறும் அது ஒன்று கூடி, மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படுகிறது. காரும் கடைசியாக ஏற்ற எண்ணை நினைவில் கொண்டு அதற்குப் பிந்தியதை மட்டுமே ஏற்கிறது. இம்முறைகளுள் புகழ்பெற்றது, தென்னாப்பிரிக்காவில் உருவாகி 1990-களில் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் வசம் வந்த கீலாக். அதன் எண்ணி 16 பிட் அளவினது, அதாவது 65,536 மதிப்புகளைக் கொண்டது. காரின் நினைவில் உள்ள எண்ணுக்கு அடுத்த 16 எண்களுக்குள் எது வந்தாலும் கதவு உடனே திறக்கும். அதற்கு அப்பாலும் ஏறத்தாழ 32,000 எண்கள் வரை, அடுத்தடுத்து இரு முறை அழுத்தினால் கார் புதிய எண்ணைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும். எல்லைகள் காருக்குக் கார் மாறுபட்டாலும், இத்தகைய விளையாட்டை வடிவமைப்பாளர்கள் முன்பே எதிர்பார்த்திருந்தனர் என்பது இதனால் தெளிவு. ஆகவே பணிமனைக்குச் செல்லும் முன் காரின் அருகில் நின்று, சிறு இடைவெளி விட்டு இரு முறை அழுத்திப் பார்ப்பது எவருக்கும் கடினமன்று.

ரிமோட் செயலற்றால் கார் கிளம்பாது என்பதும் பொதுவாகப் பொருந்தாது. சாவியைத் திருகிக் கிளப்பும் கார்களில் இம்மொபிலைசருக்கான சில்லு சாவியின் தலைப்பகுதியில் தனியே இருக்கிறது; அதற்குச் செல் தேவையில்லை, சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலமே அதற்கு ஆற்றல் தருகிறது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களிலும், செல் தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டியோ, கையேடு குறிப்பிடும் இடத்திலோ வைத்தால் இன்ஜின் கிளம்பும் ஏற்பாடு பொதுவாக உண்டு. அத்தகைய கார்களில் கதவைத் திறக்கும் உலோகச் சாவி பொதுவாக ரிமோட்டின் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது.

பொதுக்கருத்து மிகப் பெரிய தீங்கு செய்யும் இடம் கதவுகள். அழுத்தியதும் இன்டிகேட்டர் விளக்குகள் மின்னி, ஒரு கதவு மட்டும் பூட்டாமல் நின்றால், அம்மின்னலே ரிமோட்டின் குறியீட்டைக் கார் ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சான்று. அதன் பிறகு ரிமோட்டைத் திறந்து பார்ப்பதில் பொருளே இல்லை. கதவின் மோட்டாருக்கு இரு ஒயர்களில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் பாய்கிறது. அது பாயும் திசையை மாற்றினால் பூட்டுவது திறப்பதாகிறது. மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் பூட்டு நகராவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கலாம். ஒலியே இல்லையெனில் ஒயரை நோக்க வேண்டும். கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒயர்கள் செல்லும் ரப்பர் குழாயில், கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைவதால், மேலுறை கெடாமலே உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடுகின்றன. அதிகம் திறக்கப்படும் ஓட்டுநர் கதவில் இது முதலில் நேர்வது இயல்பு. அதே கதவின் ஸ்பீக்கரோ கண்ணாடியை ஏற்றும் மோட்டாரோ விட்டுவிட்டு இயங்கினால் ஐயம் பெருமளவு நீங்கிவிடும். மழைக்காலத்தில் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் நீர் கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். மண் அடைத்து நீர் தேங்கினால் மோட்டாரின் இணைப்புகள் துருப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இத்துளைகளைக் குத்திச் சுத்தம் செய்வது பைசா செலவில்லாத பராமரிப்பு.

வெளியில் வாங்கிப் பொருத்திய சென்ட்ரல் லாக் உள்ள கார்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவற்றில் ஓட்டுநர் கதவின் மோட்டாருக்கு ஐந்து ஒயர்களும் மற்ற கதவுகளுக்கு இரண்டு ஒயர்களும் செல்வது வழக்கம். கூடுதல் மூன்றும், ஓட்டுநர் கதவு சாவியால் திறக்கப்பட்டதைப் பெட்டிக்கு அறிவிக்கும் சுவிட்சுக்கு உரியவை. ஆகவே ரிமோட்டுக்கு எல்லாக் கதவுகளும் பணிந்து, சாவியால் திறக்கும்போது மட்டும் மற்றவை அசையாமல் இருந்தால், பழுது அச்சுவிட்சில் என்று கதவைப் பிரிக்காமலே கூறிவிடலாம்.

இடத்தைப் பொறுத்துப் பழுது தோன்றுவதும் உண்டு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. கம்பியில்லா அழைப்பு மணி, வாயிற்கதவு ரிமோட் முதலியனவும் அங்கேயே இயங்குவதால், ஒரு கருவி பழுதாகி ஓயாது அலையை அனுப்பினால் சுற்றியுள்ள கார்கள் செவிடாகின்றன. ஓரிடத்தில் மட்டும் திறக்காத கார் வேறிடத்தில் திறந்தால் அதில் பழுதே இல்லை. ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கில் உள்ளதால், ஜப்பானிலிருந்து பழைய கார்கள் பெருமளவில் இறக்குமதியான இலங்கையில், தோற்றத்தில் ஒத்த வேறு அலைவரிசை ரிமோட்டை வாங்கினால் அது அந்தக் காரோடு ஒருபோதும் பேசாது.

நீரில் மூழ்கிச் சுற்றுப் பலகை அரித்துப்போன ரிமோட்டை மாற்றத்தான் வேண்டும், பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களின் ஸ்மார்ட் சாவியைப் பதிவுசெய்ய உரிய கருவியும் பாதுகாப்புக் குறியீடும் இன்றியமையாதவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அம்முடிவுக்கு வரும் முன் இரண்டு சோதனைகள் தேவை. காருக்குள் உள்ள லாக் சுவிட்சை அழுத்த வேண்டும்: அதற்கும் கதவுகள் அசையவில்லை என்றால் குறை ஃபியூஸிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ வலுவிழந்த கார் பேட்டரியிலோ இருக்கிறது, எந்த ரிமோட்டும் அதைத் தீர்க்காது. வீட்டில் கிடக்கும் இரண்டாவது சாவியில் புதிய செல்லைப் போட்டு அழுத்த வேண்டும்: அதுவும் தோற்றால் குறை ரிமோட்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இவ்விரண்டையும் செய்து காட்டாமல் புதிய சாவிக்கு முன்பணம் கேட்கும் பணிமனையில் உரிமையாளர் பணம் கட்ட வேண்டியதில்லை.