வைக்கோல் கட்டும் இயந்திரம்: விலைக்கு முன் வேலை நாளைப் பார்க்க வேண்டும்

நெல் வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலை வாரி, சுருட்டி, சணல் சுற்றி உருளையாக வெளியே தள்ளும் ரவுண்டு பேலர், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்துச் சிறு விவசாயிக்கும் டிராக்டர் வாடகைக்கு விடுபவருக்கும் இன்று எட்டும் விலையில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், வைக்கோல் மற்றும் தீவனம் கட்டும் இயந்திரங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வரி நீங்கலாக 4 லட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரத்துக்கு இதனால் 28,000 ரூபாய் மிச்சம். இதற்கு மேல், வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் கிடைக்கிறது. பொதுவாக 40 விழுக்காடும், சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவு விவசாயிகளுக்கு 50 விழுக்காடும், உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகின்றன. விலை குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதை விலை முடிவு செய்வதில்லை. ஆண்டில் எத்தனை நாள் அந்த இயந்திரம் வயலில் ஓடும் என்பதுதான் முடிவு செய்கிறது.

உருளையாகச் சுருட்டிக் கட்டும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த உம்மோ லூபன் 1910-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947-இல் ‘ரோட்டோ பேலர்’ என்ற பெயரில் சிறிய உருளைகளைக் கட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971-இல் அயோவாவின் வெர்மீர் நிறுவனம் பெரிய உருளைகளைக் கட்டும் இயந்திரத்தை வெளியிட்டது. மேலைநாட்டுப் பண்ணைகளில் இன்று காணும் பல நூறு கிலோ எடையுள்ள உருளைகள் அந்த வழியில் வந்தவை. அவற்றை நகர்த்த முன்புறம் தூக்கி பொருத்திய டிராக்டர் வேண்டும். தமிழகத்துக்குப் பொருந்தியது சிறிய உருளைதான். இயந்திரத்தைப் பொறுத்து ஒரு கட்டு ஏறத்தாழ 15 முதல் 30 கிலோ வரை இருக்கும். ஒரே ஆள் அதைத் தலையில் தூக்கி வரப்பைத் தாண்டி வண்டியில் போட்டுவிடலாம். வயலுக்குள் லாரி இறங்க முடியாத ஊர்களில் இந்த ஒரு வசதிதான் இயந்திரத்துக்கு வாழ்வு தந்தது.

இயந்திரத்தின் அமைப்பு எளிது. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் விசை தருகிறது. முன்னால் உள்ள கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளுகின்றன. இரும்பு உருளைகள் சூழ்ந்த அறைக்குள் வைக்கோல் சுழன்று சுருள்கிறது. அறை நிறைந்ததும் மணி ஒலிக்கும் அல்லது விளக்கு எரியும். ஓட்டுநர் வண்டியை நிறுத்த, சணல் சுற்றப்பட்டு, கத்தி அதை அறுக்க, பின்கதவு திறந்து கட்டு கீழே விழுகிறது. சதுரக் கட்டு இயந்திரத்தில் முடிச்சுப் போடும் பொறி ஒன்று உண்டு. அதுதான் அடிக்கடி கோளாறு செய்யும் உறுப்பு. உருளைக் கட்டில் முடிச்சே கிடையாது, சணலைச் சுற்றி அறுப்பதோடு சரி. பழுது பார்க்கும் பட்டறை தொலைவில் உள்ள கிராமத்துக்கு இது பெரிய அனுகூலம். செயின், பேரிங், கம்பிப் பற்கள், சணல் அறுக்கும் கத்தி ஆகியவைதான் அடிக்கடி தேயும் பாகங்கள். இவை ஊத்தங்கரையிலோ கிருஷ்ணகிரியிலோ உடனே கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

அடுத்து வேலை. பேலருக்கு வேலை கொடுப்பது நெல், அதிலும் இயந்திரம் அறுத்த நெல். அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும் தாளைத்தான் பேலர் வாரும். தாள் எவ்வளவு நீளமாகவும் நொறுங்காமலும் விழுகிறதோ, கட்டு அவ்வளவு இறுக்கமாக அமையும். ஊத்தங்கரை வட்டத்தின் சிங்காரப்பேட்டைப் பக்கத்தில் நெல்லோடு கேழ்வரகு, நிலக்கடலை, மரவள்ளி, மஞ்சள், மக்காச்சோளம் என்று பல பயிர்கள் கலந்திருக்கின்றன. கேழ்வரகுத் தாள் நெல் வைக்கோலைவிடச் சத்தான தீவனம். ஆனால் கதிரைக் கையால் கொய்து, தாளைத் தனியே அறுத்துப் போர் போடுவதே இங்குள்ள பெருவழக்கம் என்பதால் பேலர் வாருவதற்கு வரிசை இருக்காது. நிலக்கடலைக் கொடி மண்ணோடு வரும், சுருட்டும்போது இலை உதிரும். மக்காச்சோளத் தட்டைக்கு உரியது தட்டை வெட்டும் கருவி. மானாவாரி நிலத்தில் கல் அதிகம். ஒரு கல் உள்ளே போனால் பற்கள் வளைந்து, இரும்பு உருளை நசுங்கும். எனவே ஊரில் மொத்தம் எத்தனை ஏக்கர் சாகுபடி என்று எண்ணிப் பயனில்லை. இயந்திரம் அறுக்கும் நெல் எத்தனை ஏக்கர் என்பதை மட்டும் எண்ண வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்த ஏக்கர்கள் அணை, ஏரி நீரைச் சார்ந்தவை. கிருஷ்ணகிரி அணையின் வலது, இடதுபுறக் கால்வாய்களில் சுமார் 9,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. பாரூர் பெரிய ஏரி, ஊத்தங்கரை பாம்பாறு அணை ஆகியவற்றின் பாசனமும் உண்டு. நீர் இருப்பைப் பொறுத்து முதல் போகத்துக்கு ஜூலையை ஒட்டித் தண்ணீர் திறக்கும் ஆண்டுகளில், அறுவடை நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. 2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரத்தில் வைக்கோல் வயலிலேயே அழுகும், இயந்திரம் கொட்டகையில் நிற்கும். இரண்டாம் போகத்தின் ஏப்ரல், மே அறுவடைதான் பேலருக்கு நம்பகமான காலம். வெயில் இருக்கும், தாள் விரைவில் காயும், கோடைக்குத் தீவனம் சேர்க்க மாடு வைத்திருப்பவர்களும் தேடி வருவார்கள்.

உள்ளூர் நாட்கள் குறைவு என்பதால், இத்தொழிலில் நிலைத்து நிற்பவர்கள் அறுவடையைத் தொடர்ந்து பயணம் செய்பவர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடை. ஏப்ரல், மேயில் சொந்த வட்டாரமும் அடுத்துள்ள செங்கம், தண்டராம்பட்டு, திருவண்ணாமலைப் பக்கத்து நவரையும். செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் படுகையின் குறுவை. இந்தச் சங்கிலியில் ஏறத் தயாராக இருப்பவருக்கு நாட்கள் கிடைக்கும். அதற்கு விலையாக லாரி வாடகை, வெளியூர்ச் சாப்பாடு, தங்கும் செலவு, அங்குள்ள தரகருக்கான பங்கு ஆகியவை சேரும். ஊரை விட்டு நகர முடியாதவர் உள்ளூர் நாட்களை மட்டும் வைத்தே கணக்குப் போட வேண்டும்.

கணக்கை ஒரு மாதிரியோடு பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகவே. ஒவ்வொருவரும் தம் ஊர் விலையை இட்டுப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் விலை 4 லட்சம், எட்டு ஆண்டு உழைப்பு, கடைசியில் விற்றால் 80,000 என்று கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 40,000 ரூபாய். சராசரி முதலீடு 2.4 லட்சத்துக்கு 10 விழுக்காடு வட்டி 24,000. கொட்டகை, காப்பீடு 4,000. ஆக, இயந்திரம் ஒரு நாள்கூட ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 68,000 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். ஓடும்போது ஆகும் செலவு தனி. டிராக்டர், டீசல், ஓட்டுநர் சேர்த்து மணிக்கு 800 ரூபாய், மணிக்கு 40 கட்டு என்றால் கட்டுக்கு 20 ரூபாய். சணல் 3, பழுது 3 சேர்த்தால் 26. கட்டுக்கூலி 35 ரூபாய் என்றால் மிஞ்சுவது 9 ரூபாய். 68,000 ரூபாயை ஈட்ட சுமார் 7,550 கட்டு வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரம், 240 கட்டு என்றால் 32 நாள். ஏக்கருக்கு 50 கட்டு வீதம் சுமார் 150 ஏக்கர். அதற்கு மேல் கட்டுவதுதான் லாபம்.

இதே கணக்கில் 40 விழுக்காடு மானியத்தைச் சேர்த்தால், கைக்காசு 2.4 லட்சமாகிறது. ஆண்டு நிலைச்செலவு 40,000 ரூபாயாகக் குறைந்து, 19 நாளில், ஏறத்தாழ 90 ஏக்கரில் கட்டுப்படியாகும். மானியம் எல்லையைத் தாழ்த்துகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டுக்கு ஆகும் 26 ரூபாயை அது தொடுவதில்லை. வேலை நாளையும் உண்டாக்குவதில்லை. பலர் செய்யும் பெரிய தவறு வேறிடத்தில் இருக்கிறது. டிராக்டர் சொந்தமாயிற்றே என்று அதன் மணிச் செலவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. டிராக்டரும் தேய்கிறது, அந்த நேரத்தில் உழவுக்கோ டிப்பருக்கோ போயிருந்தால் அதுவும் சம்பாதித்திருக்கும். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் எந்தப் பேலரும் லாபமாகவே தெரியும்.

சொந்தத் தேவைக்கு மட்டும் வாங்க நினைப்பவருக்குக் கணக்கு இன்னும் தெளிவு. இரண்டு ஏக்கரில் இரு போகம் நெல் போட்டால் ஆண்டுக்கு 200 கட்டு. அதற்கு வாடகை 7,000 ரூபாய். கறவை மாடு ஒன்று நாளுக்கு 5, 6 கிலோ உலர்தீவனம் தின்னும். இரண்டு மாட்டுக்கு ஆண்டுக்கு 4 டன் வேண்டும். 20 கிலோ வீதம் அந்த 200 கட்டு அதற்குச் சரியாக இருக்கும். இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது காய்ந்த வைக்கோல்தான். இயந்திரம் அண்டை ஊரில் இருந்து, கூப்பிட்ட நேரத்துக்கு வந்தால் போதும்.

விற்பனையையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கட்டுக்கூலி வாங்கிக்கொண்டு வைக்கோலை நிலத்துக்காரரிடமே விடுவது ஒரு தொழில். வைக்கோலை விலைக்கு வாங்கிக் கட்டி, வண்டியேற்றி விற்பது வேறு தொழில். இரண்டாவதில் லாபமும் கூட, முதல் முடங்கும் ஆபத்தும் கூட. ஓசூர் எல்லையை ஒட்டிய பால் பண்ணைகள் நல்ல சந்தை. ஆனால் மாநில எல்லை எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணக்கூடாது. 2023 வறட்சியின்போது கர்நாடக அரசு தன் மாநிலத் தீவனம் வெளியே போவதற்குத் தடை விதித்தது. அத்தகைய ஆண்டில் இப்பக்கத்து வைக்கோலுக்குக் கிராக்கி ஏறும், மழை நன்கு பெய்த ஆண்டில் இறங்கும். ஒரே ஆண்டின் விலையை வைத்துக் கடன் வாங்குவது அறிவுடைமையாகாது.

கட்டின் தரம் ஈரத்தில் இருக்கிறது. பனி நனைந்த காலையில் தொடங்கினால் கட்டு கனமாக வரும், உள்ளே பூசணம் பிடிக்கும். ஈரப்பதம் 15 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. அளக்கும் கருவி இல்லாத இடத்தில் ஒரு பிடி தாளை இரு கையாலும் முறுக்கிப் பார்க்கலாம். மொறுமொறுவென்று ஒடிந்தால் கட்டலாம், துவண்டு வளைந்தால் இன்னும் சில மணி நேரம் காயவேண்டும். கட்டி மூன்றாம் நாள் ஒரு கட்டின் நடுவில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். சூடு தட்டினால் அந்த அடுக்கை உடனே பிரித்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் போர் முழுதும் கெடும். சுற்றுவதற்குப் பிளாஸ்டிக் கயிறு மலிவு என்றாலும், அது தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சணலே தகும். இதை வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் இயந்திரக்காரர் விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

மண்ணின் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை பொட்டாஷ் சத்து இருக்கிறது. கையால் அறுத்த காலத்தில் வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணம் அதே வயலுக்குத் திரும்பியது. கட்டு லாரியேறி வெளியூர் போனால் அந்தச் சத்தும் போகிறது. வைக்கோலை விற்கும் விவசாயிக்கு இதைச் சொல்லி, தொழுவுரமோ பொட்டாஷ் உரமோ இடச் செய்வது அவருக்கும் நல்லது, அடுத்த ஆண்டு அதே வயலில் கட்ட வரும் இயந்திரத்துக்கும் நல்லது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வைக்கோல் அடைத்துக்கொண்டால் பி.டி.ஓ.வை நிறுத்தி, டிராக்டரை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே அருகில் போக வேண்டும். ஓடும் இயந்திரத்தில் சிக்கிய தாளைக் கையால் இழுக்கப் போனால், கையை விலக்கும் முன்பே பற்கள் இழுத்துக்கொள்ளும். பி.டி.ஓ. தண்டின் மேலுறை இல்லாமல் இயந்திரத்தை எடுக்கவே கூடாது. வேட்டியும் தோள் துண்டும் அதன் அருகே வரக்கூடாது.

பழைய இயந்திரம் வாங்குவோர் செயின் தளர்ச்சி, உருளைப் பேரிங்கின் ஆட்டம், அறைச் சுவரின் தேய்மானம், இழுவைச் சட்டத்தில் பற்றவைத்த தடம் ஆகியவற்றைப் பார்த்து, காய்ந்த வைக்கோலில் பத்துக் கட்டாவது கட்டச் சொல்லிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். புதிது வாங்குவோர் தம் டிராக்டரின் குதிரைத்திறன் அந்த மாடலுக்குப் போதுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முடிவு மூன்று வகைப்படும். டிராக்டர் சொந்தமாக இருந்து, மானியம் பெற்று, ஆண்டுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நெல் வயல் உறுதியாகக் கிடைப்பவரோ, அறுவடையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போகத் தயாராக இருப்பவரோ வாங்கலாம். ஐம்பது ஏக்கர் அளவில் நிற்பவர்கள் தனியே கடன்படாமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ வாடகை மையமாகவோ கூடி ஓர் இயந்திரம் வாங்குவது தகும். யார் வயல் முதலில், யார் அடுத்து என்ற வரிசையைப் பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, மிஞ்சும் பணத்தை வைக்கோல் நனையாமல் காக்கும் கொட்டகையில் போடுவதே நல்லது.