நல்லாய் நிற்கிற கோழி

"கோழி நல்லாய்த்தானே நிற்குது, பிறகென்ன?" மானிப்பாயில் வீட்டுக்குள் கோழி வளர்ப்பவர்களிடம் குறை சொன்னால் வருகிற பதில் இதுதான். கொண்டை சிவந்திருக்கிறது, இறகு பளபளக்கிறது, பிடி அரிசி போட்டால் ஓடி வருகிறது. நோயில்லாத கோழியால் ஆருக்கு நோய் வரும்? கேட்க நியாயமாய்த்தான் இருக்கிறது. ஆனால் சுத்தப் பிழை.

சல்மனெல்லா என்ற கிருமி கோழியின் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். வளர்ந்த கோழியை அது பெரும்பாலும் வருத்துவதில்லை. எச்சத்தோடு வெளியேறிக் காலிலும் இறகிலும் அலகிலும் ஒட்டிக்கொள்ளும். கொரோனா முடக்கத்தில் வீட்டுக்கு வீடு கோழி வாங்கிய 2020ஆம் ஆண்டில், வளர்ப்புக் கோழி, வாத்துகளோடு தொடர்புபட்ட சல்மனெல்லாத் தொற்று அமெரிக்காவில் 1,722 பேரில் உறுதியானது. 333 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கோழியை வீட்டுக்குள் விடாதீர்கள், முத்தமிடாதீர்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. எங்கள் ஊரில் பிள்ளைக்கு வயிற்றாலை போனால் முதல்நாள் குடித்த ஐஸ்கிறீமில் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம்.

கோழி ஏன் உள்ளே வந்தது என்பது விளங்காமலில்லை. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் தீனி கிடைக்காமல் பண்ணைகள் படுத்தன. 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. நாலு பேடு வைத்திருந்தவர் ராசா. வளவோ சுருங்கிவிட்டது, பகலில் தெருநாய், இரவில் மரநாய், இடையில் கள்ளர். பிள்ளைகள் கனடாவில் இருக்க, தனித்திருக்கும் ஆச்சிக்குக் காலடியில் கொக்கரிக்க ஒரு சீவன் வேண்டியிருக்கிறது. அந்தப் பாசத்தோடு எனக்குச் சண்டையில்லை. அந்தச் சீவன் ஏறி நிற்கும் இடத்தோடுதான் சண்டை. ஒரு குசினியில் பேடு சுளகில் ஏறி அரிசியைக் கிளறிக்கொண்டு நின்றது. கால் நகத்தில் காய்ந்த எச்சம். ஆச்சி செல்லமாய் அதட்டி, இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிட்டு, அதே கையால் புட்டுக்கு மா குழைத்தார். புட்டு அவியும், கிருமி சாகும். பக்கத்தில் இருந்த சம்பல் அவியாது.

"எங்கட அப்பு ஆச்சியவை கோழியோடதானே வாழ்ந்தவை" என்பது அடுத்த வாதம். எங்கே வாழ்ந்தார்கள்? கூடு கோடிப்புறத்தில் இருந்தது. குசினிப் படியில் கோழி கால் வைத்தால் விளக்குமாறு பறக்கும். அடைக்கோழியைக் கடகத்தோடு குசினி மூலையில் வைத்ததுண்டு, மறுக்கவில்லை. 21 நாளில் குஞ்சு பொரித்ததும் தாயும் குஞ்சும் வெளியே. புழுதி குளிக்காத கோழியைப் பேன் தின்னும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்படி இருந்தும் அக்காலத்தில் பிள்ளைகள் கழிச்சலில் செத்தார்கள், காரணந்தான் தெரியவில்லை. 1848இல் மானிப்பாய்க்கு வந்து வைத்தியம் பார்த்து, பின்னாளில் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீனுக்கே தெரிய வழியில்லை. அவர் இறந்தது 1884இல். சல்மனெல்லா என்ற பெயருக்குக் காரணமான கிருமி அமெரிக்காவில் பன்றிகளிடம் பிடிபட்டது 1885இல்.

நல்லாய் நிற்கிற கோழியால் நோய் வராது என்ற நம்பிக்கை ஆகக் கூடிய கேடு செய்வது முட்டையில். 'கடை முட்டை மருந்து, வீட்டு முட்டை சுத்தம்' என்று, சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு விடியவே பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குகிறோம். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கும். சல்மனெல்லாவில் ஒருவகை, ஓடு உருவாகும் முன்னரே முட்டைக்குள் புகுந்துவிடும். வெளியே துடைத்து என்ன? பச்சைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம். இட்ட சூடு ஆறாத முட்டை குளிர்ந்து, உள்ளிருப்பது சுருங்கும்போது, ஓட்டின் நுண்துளைகள் அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

பிரித்தானியாவில் 1988இல் முட்டையில் சல்மனெல்லா என்று பேசி எட்வினா கறி என்ற இணை அமைச்சர் பதவியிழந்தார். பிறகு பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசி வந்தது. அப்படித் தடுப்பூசி போட்ட கோழிகளின் சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூடப் பச்சையாய் உண்ணலாம் என்று 2017இல் அங்குள்ள உணவுத் தர முகவரகம் அறிவித்தது. ஆக, லண்டனில் இருக்கும் பெரியம்மா 'மருந்தடிச்சது' என்று ஒதுக்குகிற முட்டைதான் பச்சையாய்க் குடிக்கத் தக்கது. ஓகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வந்து 'சுத்தமான ஊர் முட்டை' என்று மகளுக்கு உடைத்து ஊற்றுவது, தடுப்பூசி காணாத பேடு இட்டது.

"அவிச்சால் சத்துப் போயிடும்" என்பார்கள். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் அளந்தே பார்த்துவிட்டார்கள். பச்சை முட்டைப் புரதத்தில் பாதியளவே சமித்தது, சமைத்ததில் பத்தில் ஒன்பது பங்கு. பிள்ளைக்கு உழுந்தங்களி குடுங்கோ, நல்லெண்ணெயும் குடுங்கோ. முட்டையை மட்டும் பத்து நிமிடம் கொதிக்க விட்டுக் குடுங்கோ.