கதிரையிற் பறத்தல்

விமானமோட்டுதல் பிறவித்திறமை வாய்ந்தோர்க்கே கைவருவதென்பது பலரது எண்ணம். கூரிய கண்ணும் அஞ்சாநெஞ்சும் இருந்தாற் போதும், ஏனையவற்றை வானமே கற்பித்துவிடும் என்பர். ஐக்கிய அமெரிக்க வான்படையின் பயிற்சிமுறையை நோக்குவார்க்கு இவ்வெண்ணம் நில்லாது. ஆங்கே நற்புள்ளிகள் பெரும்பாலும் நிலத்திலேயே ஈட்டப்படுகின்றன என்பது எமது துணிபு.

ஒக்லகோமாவிலுள்ள வான்ஸ் முதலிய தளங்களிற் பயில்வோர் ரி-6 என்னும் சிறுவிமானத்திற் தொடங்குவர். புறப்பாடு, திருப்பம், இறக்கம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தரமிடப்படும். எவர் எவ்வகை விமானத்துக்குச் செல்வரென்பதைத் தீர்மானிப்பதில் இத்தரங்களுக்குப் பெரும்பங்குண்டு. போர்விமானத்தை விழைந்து வந்து, அதனைப் பெறாதொழிந்தாரும் உளர்.

ஆதலின், மாணவர் கதிரையொன்றில் அமர்ந்து, விமானியறையின் படத்தை எதிரே வைத்து, இல்லாத பிடியைக் கையாற் பற்றி, வானொலியிற் பேசவேண்டியவற்றையும் வாய்விட்டுச் சொல்லி, மறுநாட் பறப்பு முழுவதையும் நடித்துப் பார்ப்பர். அயலார் காணின் நகைப்பர்! ஆயினும் இயந்திர இரைச்சலும் வானொலிக் குரலும் ஒருங்கே தாக்கும் வேளையிற் பழகிய கையே உதவும்.

இடர்நேரத்து உடனே செய்யத்தக்கன சில, நூலிற் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை ஒரு சொல்லும் பிறழாது ஒப்புவித்தல் வேண்டும். காலைக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவரை எழுப்பி, "இயந்திரம் நின்றுவிட்டது, யாது செய்வீர்?" என வினவுவர். சகமாணவர் முன்னிலையில் அவர் தடுமாறுவராயின் அன்று பறத்தற்கில்லை.

மனப்பாடம் அறிவை மழுக்குமென்று இக்காலக் கல்வியாளர் சிலர் கூறுவர். பொருளுணராது ஒப்புவித்தல் வீண் என்பதை யாமும் உடன்படுவோம். ஆனால் விமானம் கீழ்நோக்கி விழும்போது ஆராய்ந்து விடைகாண அவகாசம் ஏது?

இனி, எல்லாவற்றையும் நினைவிடம் ஒப்படைத்தலும் தகாது. 1935 ஒக்டோபர் 30ஆம் நாள், ஒகாயோவிலுள்ள டேற்றனிற் போயிங் 299 என்னும் பெருவிமானம் எழுந்தவுடன் வீழ்ந்தது. செலுத்தியவர் மேஜர் ஹில் என்னும் தேர்ந்த விமானி. தரையிற் காற்றால் அசையாதபடி சுக்கான்களைப் பிணித்திருந்த பூட்டு விடுவிக்கப்படாமையே காரணம். ஹில் உயிர்நீத்தார். அதன் பின்னரே, செய்வனவற்றைத் தாளிற் குறித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கம் அப்படையில் வேரூன்றியது. உடனடி இடருக்குரிய சிலவற்றை நெஞ்சிற் பதித்து, ஏனையவற்றைத் தாள்பார்த்துச் செய்தலே இன்றைய முறை.

பரீட்சைக்கு முதலிரவு விழித்திருந்து படிக்கும் எம்மாணவர் மற்றுமொன்றை அறிதல் நன்று. பறக்கும் பணிக்கு முன் பன்னிரண்டு மணிநேர ஓய்வு அங்கே கட்டாய விதி. இறுதி இரவிற் படித்துத் தப்பும் வழி அவர்க்கு இல்லை.