ஓய்வு நேரம்: ஆல்ப்ஸ் மலையும் தாயக்கட்டையும்

நாகபுரியில் ஒரு கோடையேனும் கழித்த அன்பர்களுக்கு அவ்வூர் மே மாதத்து வெயிலைப் பற்றி நாம் விளக்க வேண்டுவதில்லை. பகல் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப மனம் துணியாது; உள்ளே அடைத்து வைத்தாலோ வீடு இரண்டுபடும். சென்ற கோடையில் இத்துன்பத்துக்கு நாம் கண்ட பரிகாரம் ஒரு யுத்தம். ஆம், ரயில்வே குவார்ட்டர்ஸின் கூடத்திலேயே ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் யுத்தம் மூட்டிவிட்டோம்!

பொம்மைப் படைகளைக் கொண்டு போர் விளையாடுவது புதிய வழக்கமன்று. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார் 1824-இல் இதற்கென விதி நூலே வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தைப் பிள்ளைகளுக்கும் பெரியோருக்குமாக எழுதினார். இன்று கடைகளில் அழகிய ஈயச் சிப்பாய்களும் அச்சிட்ட விதிகளும் கிடைக்கின்றன. விலைதான் குமாஸ்தாவின் கைக்கு எட்டாது. ஆகவே அட்டைத் துண்டுகளே நம் சிப்பாய்கள் ஆயின. விதிகளையும் நாமே வகுத்தோம்.

நாம் எடுத்துக்கொண்டது ஹன்னிபாலின் படையெடுப்பு. கி.மு. 218-இல் ஸ்பெயின் தேசத்து நவ கார்த்தேஜிலிருந்து புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ஐந்து மாதங்களில் அவன் இத்தாலியை அடைந்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். வழி சுமார் 1,600 கிலோமீட்டர். நாள்தோறும் வண்டிகளின் ஓட்டத்தையே கணக்கிடும் நமக்கு இந்தக் கணக்கு இனித்தது. பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் தேசப்படம் வரைந்து, ஒரு சதுரம் 50 கிலோமீட்டர், ஓர் ஆட்டம் பத்து நாள் என்று வைத்தோம். சமவெளியில் ஆட்டத்துக்கு இரண்டு சதுரம், மலையில் ஒன்று. 1,600 கிலோமீட்டருக்கு 32 சதுரம், 16 ஆட்டம், 160 நாள். மலையில் சற்றுத் தாமதித்தாலும் ஐந்தாறு மாதத்தில் கணக்கு முடிகிறது!

அடுத்தது சோறு. ஓர் அட்டைக்கு ஆயிரம் வீரர். ஆட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை அவர்களுடைய உணவு. ஒரு சதுரத்தில் ஒரு முறை தானியம் எடுத்துவிட்டால் அடுத்த அறுவடை வரை அங்கே ஒன்றும் கிடைக்காது. வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்தி கொண்ட பேரேடு இரு தரப்புக்கும் உண்டு. இந்த ஒரு விதியாலேயே ஹன்னிபால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் இத்தாலி முழுதும் அலைய வேண்டியதாயிற்று. மெய்யான ஹன்னிபாலும் கி.மு. 203 வரை அவ்வாறே அலைந்தான்.

மலையைக் கடப்பதற்கு வகுத்த விதியில்தான் நமக்குப் பெருமை அதிகம். ரோன் நதியைத் தாண்டியபோது அவனிடம் 38,000 காலாட்களும் 8,000 குதிரை வீரரும் இருந்தனர். இத்தாலியில் இறங்கியபோது எஞ்சியவர் 20,000 காலாட்களும் 6,000 குதிரை வீரருமே. இந்த நஷ்டத்தை விளையாட்டில் எப்படிக் கொணர்வது? நம் வீட்டுத் தாயக்கட்டையில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அவற்றுள் நான்கு விதத்தில் கூட்டுத்தொகை மூன்று. மலையில் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒவ்வோர் அட்டைக்கும் உருட்ட வேண்டும். மூன்று விழுந்தால் அந்த அட்டை போயிற்று. அதாவது நாலில் ஒரு பங்கு நஷ்டம். மலையில் இரண்டு ஆட்டம் கழிந்தால் 46 அட்டைகள் ஏறக்குறைய 26 ஆகும். சரித்திரமும் அதையே சொல்கிறது!

அவனுடைய 37 யானைகளுக்காக ஐந்து கொலு யானைகளை இல்லத்தரசியிடம் இரவல் பெற்றோம். "ஒரு தும்பிக்கை ஒடிந்தாலும் நவராத்திரிக்குள் புது யானை வந்தாக வேண்டும்" என்பது அவர் விதித்த நிபந்தனை.

நம் மூத்த மகன் ரோமாபுரி. அடுத்த குவார்ட்டர்ஸில் வசிக்கும் மராட்டியப் பையன் ஹன்னிபால். மத்தியஸ்தர் நாம். இங்கேதான், அன்பர்களே, நாம் தவறினோம்.

திரேபியா நதிக்கரைப் போர் நடந்துகொண்டிருந்தது. ரோமாபுரியின் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தப் பையன் ஐந்து யானைகளையும் அப்பக்கமே நகர்த்தினான். நம் மகனின் முகம் வாடியதைக் கண்டோம். உடனே, "மார்கழிக் குளிரில் யானை ஆற்றைக் கடக்காது" என்று தீர்ப்புச் சொன்னோம். அந்தக் குளிர்காலத்தில் ஹன்னிபாலின் யானைகளுள் ஒன்றைத் தவிர மற்றவை மடிந்ததும், அந்த ஒன்றின் மேலேறியே பின்னர் அவன் சதுப்பு நிலத்தைக் கடந்ததும் நாம் படித்தவையே. ஆனால் அவை மடிந்தது போருக்குப் பின். அதுவன்றி, நம் நோட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு விதியே இல்லை.

பையன் நோட்டைக் கையில் எடுத்தான். "காகா, அது எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஹிந்தியில் கேட்டான். நோட்டு முழுதும் தமிழ். நாம் ஏதோ ஒரு வரியின் மேல் விரல் வைத்தோம். அவன் அவ்வரியைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான்கு நாள் வரவில்லை.

"அப்பா, அந்த விதி எனக்கும் புதிதாகத்தான் இருந்தது" என்றான் மகன்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இவ்வூருக்கு வந்த புதிதில், நமக்குப் புரியாத எழுத்தில் இருந்த ஒரு காகிதத்தைக் காட்டி, "இதில் இருக்கிறது, கட்டு" என்று ஒருவர் நம்மிடம் பணம் வாங்கியதுண்டு. அன்று நெஞ்சில் ஏறிய கசப்பு இன்றும் முற்றும் இறங்கவில்லை. அதையே நாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் செய்துவிட்டோமே!

ஐந்தாம் நாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று, அவன் தந்தையார் முன்னிலையிலேயே, "விதி அங்கே இல்லை, தம்பி, தவறு எம்முடையது" என்றோம். நோட்டை ஹிந்தியிலும் பெயர்த்து எழுதி இரு பையன்களிடமும் கொடுத்தோம். முதற் பக்கத்தில் மூன்று விதிகளைச் சேர்த்தோம்:

1. நோட்டில் இல்லாதது விதியாகாது.
2. ஐயம் எழுந்தால் தாயக்கட்டையை உருட்டிச் சரிபாதி வாய்ப்பில் முடிவு செய்க. போர் முடிந்தபின் இருவரும் கையெழுத்திட்டு விதியைத் திருத்துக. திருத்தம் அடுத்த போரிலிருந்தே செல்லும்.
3. ஆடுவோர் இருவரும் படிக்கக்கூடிய மொழியில் விதி இருத்தல் வேண்டும்.

யானைகளை மீண்டும் நதிக்கரையில் நிறுத்தினோம். ரோமாபுரி தோற்றது. மகன் ஒரு நாள் முகம் தூக்கியிருந்தான். மறுநாள் தானே அட்டைகளை எடுத்து அடுக்கினான். குளிர்காலத்தில் யானைக்கும் கட்டை உருட்ட வேண்டும் என்ற விதி இப்போது முறைப்படி ஏறியிருக்கிறது, ஹன்னிபாலே கையெழுத்திட்டிருக்கிறான்.

பள்ளி திறந்துவிட்டமையால் இனி ஞாயிறு தோறும் போர். படை கன்னே நோக்கிச் செல்கிறது. பிள்ளைகளோடு இவ்விளையாட்டைத் தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு வேண்டுவன அட்டை, தாயக்கட்டை, ஒரு பிடி புளியங்கொட்டை, ஒரு நோட்டு. மத்தியஸ்தர் பதவியை மட்டும், களத்தில் தம் பிள்ளை இல்லாத ஒருவருக்குக் கொடுப்பது நலம். நம் வீட்டில் இப்போது அது இல்லத்தரசியிடம் இருக்கிறது. அவருக்கு இரு படையும் ஒன்றே. யானைத் தும்பிக்கைகளில் மட்டுமே கண்.